காற்புள்ளிக்குப் பின்னால் வரும் எண்

மார்ச் 4

அண்ணிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாமல் ஒரு பக்கமாவது படியுங்கள். உங்கள் பழைய போன் எண் இப்போது ஒரு பழக்கடைக்காரரிடம் இருக்கிறது. மூன்று முறை கூப்பிட்டேன். மூன்றாவது முறை அவர் எனக்கு ஆறுதல் சொல்லவே ஆரம்பித்துவிட்டார். விவாகரத்து வழக்கில் உங்கள் வக்கீல், என் அண்ணனுக்கு அனுப்பிய உறையில் இந்த முகவரி இருந்தது. அண்ணனுக்குத் தெரியாமல் குறித்துக்கொண்டேன்.

நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி எட்டு நாள் ஆகிறது. போன மாதம் இருபத்து நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஸ்கேன் படங்களைச் சேமித்து வைக்கும் ஸ்டோரேஜ் மெஷினின் கம்பெனிக்காரர் வந்தார். அதை இயக்கும் இரண்டு கன்ட்ரோலர்களில் முதலாவதன் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும், பத்து நிமிடம் அதை நிறுத்தி எழுப்ப வேண்டும் என்றார். கண்காணிப்புத் திரையில், சர்வரிலிருந்து ஸ்டோரேஜுக்குப் போகும் நான்கு பாதைகளும் பச்சையாக இருந்தன. ஒரு கன்ட்ரோலர் படுத்தாலும் இன்னொன்று வழியாகப் படங்கள் வந்துகொண்டிருக்கும், அதற்காகத்தானே இரண்டு வாங்கியது. நான் சரி என்று தலையாட்டினேன். அவர் நிறுத்தினார். நான்கு பாதைகளும் ஒரே நொடியில் போயின.

கன்ட்ரோலர் பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டது. ஆனால் சர்வர் பயந்துபோய்த் தன்னைப் பூட்டிக்கொண்டது. எல்லாவற்றையும் சரிபார்த்துத் திறக்க ஒரு மணி ஐம்பது நிமிடம். அதற்குள் பதினொன்று இருபதுக்கு ஒரு அம்மாவை மூளையில் இரத்தக் கசிவு என்று கொண்டுவந்தார்கள். தையற்காரர். இரண்டு வருடத்துக்கு முன்னால் நம் ஆஸ்பத்திரியிலேயே அவர் தலைக்குள் இரத்தக் குழாயில் ஒரு கிளிப் வைத்திருந்தார்கள். அது எங்கே, எந்த மாதிரி என்று பழைய படத்தில் பார்க்காமல் கத்தி வைக்க முடியாது என்று சர்ஜன் காத்திருந்தார். ஐம்பது நிமிடம் காத்திருந்துவிட்டு, படம் இல்லாமலேயே உள்ளே போனார். உயிர் இருக்கிறது. பேச்சு போய்விட்டது. வலது கையும்.

விசாரணைக் கமிட்டி போட்டிருக்கிறார்கள். ஸ்டோரேஜை அமைத்தது நீங்கள். வேலையை விட்ட அன்று 'நான்கு பாதைகள், சரி' என்று ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதும் நீங்கள். இரண்டு பக்கமும் போக வேண்டிய பாதைகள் ஏன் ஒரே இடத்தில் போய் முட்டின? இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பாப்பா


மார்ச் 12

பாப்பாவுக்கு,

கிழிக்கவில்லை. வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் படித்தேன். அந்த அம்மாவைப் பற்றி எழுதிய வரிகளை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்குப் பிறகு சமைக்கத் தோன்றவில்லை.

எட்டு மாதம் ஒரு வரி எழுதாதவள், வேலைக்கு ஆபத்து வந்ததும் பேனா எடுத்திருக்கிறாய். இதைச் சொல்லாமல் மேலே எழுத எனக்கு வரவில்லை. சொல்லிவிட்டேன்.

நான் அமைத்தது சரியாகத்தான் இருந்தது. உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும், கமிட்டியில் இருப்பவர்கள் டாக்டர்கள். அவர்களுக்கு நீ விளக்க வேண்டியிருக்கும், அதனால் மெதுவாக எழுதுகிறேன்.

ஸ்டோரேஜின் பின்பக்கம் எட்டு கேபிள் செருகலாம். அதைப் பார்க்கிறவர்கள் எட்டுக் கதவு என்று நினைப்பார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. ஒரு கன்ட்ரோலரில் உள்ள நான்கு செருகல்களையும் சேர்த்து ஒரு குழுவாக வைத்து, அதற்கு ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். சர்வரின் கணக்கில் அந்தக் குழு முழுவதும் ஒரே டார்கெட் போர்ட், ஒரே கதவு. முதல் கன்ட்ரோலர் ஒன்று, இரண்டாவது கன்ட்ரோலர் இரண்டு. சர்வர் ஒரு கதவுக்குப் போய், தான் யார் என்று சொல்லி, உள்ளே நுழைந்து பேச ஆரம்பிப்பது ஒரு செஷன். ஒரே கதவுக்கு நான்கு செஷன் போடலாம். ஒவ்வொரு முறையும் சர்வர் தன் அடையாளத்தில் ஒரு எண்ணை மாற்றிக்கொண்டால் போதும், ஸ்டோரேஜ் மறுக்காது. திரை அதை நான்கு பாதை என்று எண்ணிப் பச்சை காட்டும். பாதைகளைத்தான் அதற்கு எண்ணத் தெரியும். அவை போய்ச் சேரும் கதவுகளை எண்ண நாம் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் போட்டது, ஒன்றுக்கு இரண்டு செஷன், இரண்டுக்கு இரண்டு. யாரையாவது விட்டுச் சர்வரில் செஷன் பட்டியலை எடுத்துப் பார்க்கச் சொல். ஒவ்வொரு வரியிலும் முகவரிக்குப் பிறகு ஒரு காற்புள்ளி இருக்கும். காற்புள்ளிக்குப் பின்னால் வரும் எண்தான் கதவின் எண். இரண்டு வரியில் ஒன்றும், இரண்டு வரியில் இரண்டும் இருக்க வேண்டும். அப்படி இல்லை என்றால் பிறகு யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

எனக்கு இங்கே வேலை இருக்கிறது, அறை இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அண்ணி


மார்ச் 20

அண்ணிக்கு,

என்னை மெஷின் அறைக்குள் விடுவதில்லை. அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அங்கே நம்மோடு வேலை பார்த்த கண்ணாடிக்காரரிடம் கெஞ்சினேன். அவரை உங்களுக்குத் தெரியுமே, யாருக்காவது உதவி செய்துவிட்டால் ஒரு வாரம் தூக்கம் வராது அவருக்கு. மாடிப்படிக்குக் கீழே நின்று போனில் ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

காற்புள்ளி, ஒன்று. காற்புள்ளி, ஒன்று. காற்புள்ளி, ஒன்று. காற்புள்ளி, ஒன்று.

அதோடு விடவில்லை. யார் மாற்றியது என்று பதிவேட்டில் தேடச் சொன்னேன். போன வருடம் ஜூன் 17, காலை பதினொன்று நாற்பத்திரண்டு. இரண்டாம் கதவுக்கான இரண்டு செஷன்கள் நீக்கப்பட்டன. முதல் கதவுக்கு இரண்டு புது செஷன்கள் போடப்பட்டன. செய்தவர் என்று இருப்பது உங்கள் பெயர், உங்கள் கடவுச்சொல். சரியாகத்தான் இருந்தது என்று எழுதினீர்களே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கமிட்டிக்கும் இந்தப் பதிவின் நகல் போய்விட்டது. ஏப்ரல் 22 விசாரணை. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, பழைய ஆள் செய்த தப்பு என்று எழுதிக் கொடுத்தால் எல்லாருக்கும் நல்லது என்றார். இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. உங்களுக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்றுதான்.

அந்தத் தையற்கார அம்மாவைப் போய்ப் பார்த்தேன். வார்டில் ஜன்னலோரப் படுக்கை. அவர் கணவர் ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார், வழிவதைத் துடைத்துத் துடைத்து. நான் ஆஸ்பத்திரி ஊழியர் என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியிருக்கிறது. எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறார். தண்ணீர் வேண்டுமா என்றால், "நாளைக்கு." வலிக்கிறதா என்றால், "நாளைக்கு." கடைக்குத் துணி கேட்டு வருகிறவர்களிடம் இருபது வருடம் சொன்ன வார்த்தை என்று கணவர் சிரிக்கப் பார்த்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். இரண்டு பேருக்குமே வரவில்லை.

பாப்பா


மார்ச் 29

பாப்பாவுக்கு,

வாய்ப்புத் தருகிறாயா எனக்கு. சரி.

ஜூன் 17 காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு நான் எங்கே இருந்தேன் என்று நீ மறந்திருக்க முடியாது. குடும்பநலக் கோர்ட்டில், முதல் மாடி நடையில், கால் ஆடுகிற ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதல் வாய்தா. பெஞ்சின் மறு முனையில் உன் அண்ணன். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தோம். வருகிறவர்கள் எல்லாரும் எங்களை அந்நியர்கள் என்று நினைத்து, நடுவில் உட்காரலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் நீ கூப்பிட்டாய். இரண்டாவது கன்ட்ரோலரில் ஒரு சர்க்யூட் அட்டை எரிந்துவிட்டது, இரண்டு பாதை போய்விட்டது, திரை சிவப்பாக இருக்கிறது என்றாய். மறுநாள் உரிமம் புதுப்பிக்கிற குழு வருகிறது, அதற்குள் திரை பச்சையாக வேண்டும் என்று மேலாளர் தலைமேல் நிற்பதாகச் சொன்னாய். புது அட்டை வர மூன்று வாரம் ஆகும் என்றும் சொன்னாய்.

"அண்ணி, ஒண்ணுக்கே இன்னும் ரெண்டு செஷன் போட்டா நாலு காட்டும். போட்டுடட்டா?"

இது உன் யோசனை. நான் என்ன சொன்னேன் என்பதும் உனக்கு ஞாபகம் இருக்கும். உள்ளே எங்கள் வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். உன் அண்ணன் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"போட்டுடு. அப்புறம் பாத்துக்கலாம்."

கடவுச்சொல்லை நடையில் வைத்தே எழுத்தெழுத்தாகச் சொன்னேன். உள்ளே போனேன். அதற்குப் பிறகு அன்றைக்கு வேறு எதுவும் என் காதில் விழவில்லை.

ஆக, பெயர் என்னுடையது, விரல் உன்னுடையது. இது உனக்கு முதல் கடிதம் எழுதும்போதே தெரியும். தெரிந்தும், ஏன் ஒரே இடத்தில் முட்டின என்று என்னைக் கேட்டிருக்கிறாய். என் வாயிலிருந்தோ என் கையெழுத்திலிருந்தோ ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தாய் போலிருக்கிறது.

இது உனக்குப் புதிதும் இல்லை. ஜூலை ஒன்பதாம் தேதி அதே கோர்ட்டில் கூண்டில் ஏறி, அண்ணி ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இருக்க மாட்டார், வீட்டில் யார் எப்படி இருந்தாலும் கவலைப்பட மாட்டார் என்று சொன்னாய். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கே இருந்தேன்? மெஷின் அறையில். பக்கத்து நாற்காலியில் என் டப்பாவிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது யார்?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் பூட்டிக்கொண்டு படித்தேன். வீட்டில் வேறு தனியிடம் கிடையாது. தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டேன். வாளி நிரம்பி வழிந்தது, அண்ணன் கதவைத் தட்டினான்.

எனக்கு ஞாபகம் இருந்தது. முதல் நாளே. நான்கு பாதையும் போனதைத் திரையில் பார்த்த அந்த நொடியிலேயே, அட்டை எரிந்த நாள்தான் ஞாபகம் வந்தது. கம்பெனிக்காரர், என்னம்மா இது, நாலு பாதை இருந்ததே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் சர்வரை எழுப்பும் வேலையில் குனிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் அண்ணனிடம் முழுவதையும் சொன்னேன். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு, தலையை நிமிர்த்தாமலேயே சொன்னான்.

"அவதான் ஊரை விட்டே போயிட்டாளே. அவ பேர்ல இருக்கிறது அவ பேர்லயே இருக்கட்டும். உனக்கு என்ன வந்துச்சு?"

அவன் கெட்டவன் என்று சொல்ல வரவில்லை. நீங்கள் போன பிறகு அவனும் பாதி ஆளாகத்தான் இருக்கிறான். இஸ்திரி போட்ட சட்டையை மடித்து வைத்துவிட்டு, கசங்கியதைப் போட்டுக்கொண்டு போகிறான். ஆனால் அவன் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. அந்த வசதியில்தான் உங்களுக்கு எழுதினேன். நீங்கள் கோபத்தில் ஏதாவது ஒப்புக்கொண்டு எழுதுவீர்கள், அதைக் கமிட்டியில் கொடுக்கலாம் என்று நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

கூண்டில் சொன்னது பற்றி. அண்ணன் கேட்டான். அம்மா போன பிறகு எனக்கு இருப்பது அவன் வீடு மட்டும்தான். உங்கள் பக்கம் நான் பார்க்கவே இல்லை. ஜன்னலில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அடுத்த நாள் வேலைக்கு வந்தபோது நீங்கள் உங்கள் நாற்காலியை அறையின் அந்தக் கோடிக்குத் தள்ளிப் போட்டிருந்தீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். ஜூலை பன்னிரண்டாம் தேதி புது அட்டை வந்தது, பொருத்தினார்கள். இரண்டாம் கதவு அன்றைக்கே சரியாகிவிட்டது. பொருத்தியாயிற்று என்று மெயில் வந்தது, நம் இரண்டு பேருக்கும். நான் பார்த்தேன். செஷன்களைத் திருப்பிப் போட வேண்டும், அதற்கு உங்கள் கடவுச்சொல் வேண்டும். எழுந்து பத்து அடி நடந்து வந்து உங்களிடம் கேட்க வேண்டும். என்னால் முடியவில்லை. அண்ணியே செய்துவிடுவார், எப்போதும் அவர்தானே செய்வார் என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் அந்த மெயிலைப் பார்க்கவில்லையா?

பாப்பா


ஏப்ரல் 15

பாப்பாவுக்கு,

பார்த்தேன்.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு, மேலே எழுத இரண்டு நாள் ஆயிற்று.

மெயில் வந்தபோது நீ திரும்பி என்னைப் பார்த்தாய். எனக்குத் தெரிந்தது. நான் நிமிரவில்லை. மூன்று நாளுக்கு முன்னால் கூண்டில் நின்று அப்படிப் பேசியவள், இப்போது எழுந்து வந்து அண்ணி என்று கூப்பிடட்டும், அதுவரை நான் தொடமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிட வேலை அது. நானே செய்திருக்கலாம். எனக்கு யார் அனுமதியும் தேவையில்லை. ஆனால் அதை நானே செய்தால் நீ என்னிடம் பேச வேண்டிய கடைசிக் காரணமும் போய்விடும் என்று பட்டது. இதை அப்போது இவ்வளவு தெளிவாக நினைத்தேன் என்று சொல்ல மாட்டேன். இப்போது யோசித்தால் அதுதான்.

ஜூலை 31 வரைக்கும் அங்கே இருந்தேன். பத்தொன்பது நாள், பாப்பா. கடைசி நாள் ஒப்படைப்புத் தாள் வந்தது. பாதைகள் எத்தனை என்று ஒரு கட்டம். திரையைப் பார்த்தேன், பச்சை. நான்கு, சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தெரிந்தே போட்டேன். பெட்டியைக் கட்ட வேண்டும், வண்டி பிடிக்க வேண்டும், அந்தக் கட்டடத்தைவிட்டு வெளியே போனால் போதும் என்று இருந்தது. என் முதல் பதிலில் சரியாகத்தான் இருந்தது என்று எழுதினேனே, அது நான் முதலில் அமைத்தபோது உண்மை. விட்டுப் போனபோது பொய். அந்த இரண்டையும் ஒரே வரியில் மறைத்து எழுதினேன். உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இங்கே என் அறையில் ஒரு ஜன்னல். எதிரே ஒரு சுவர். வேலையில் எல்லாரும் நல்லவர்கள், யாரும் எதுவும் கேட்பதில்லை. நீ எழுதியதிலிருந்து, சுவரைப் பார்த்தால் படுக்கையில் ஒரு அம்மா தெரிகிறார். முகம் தெரியாது, நானாக ஒரு முகம் வைத்திருக்கிறேன்.

இன்று பதிவுத் தபாலில் கமிட்டிக்கு எழுதிவிட்டேன். கடவுச்சொல் நான் கொடுத்தது, செய்யச் சொன்னது நான், திரும்ப மாற்றாமல் பொய்க் கையெழுத்துப் போட்டது நான் என்று. மேலாளர் பச்சை கேட்டதையும் எழுதினேன். அவர் மறுப்பார். எழுத்தில் நம்மிடம் ஒன்றும் இல்லை. உன் பெயரை எழுதவில்லை. கேட்டால், என் கீழே இருந்தவள், நான் சொன்னதைச் செய்தாள், அவ்வளவுதான்.

நீ விசாரணையில் ஒன்றும் பேசாதே. தெரியாது என்று சொல். உனக்கு அந்த வேலை வேண்டும். எனக்கு இனிமேல் எந்த வேலையாக இருந்தாலும் ஒன்றுதான்.

அண்ணி


ஏப்ரல் 27

அண்ணிக்கு,

நீங்கள் சொன்னபடி செய்யவில்லை. எப்போதும்போல.

உங்கள் கடிதம் எனக்கு இருபதாம் தேதி கிடைத்தது. படித்துவிட்டு நேராக வார்டுக்குப் போனேன். கமிட்டியில் எதைச் சொல்வதாக இருந்தாலும் அதற்கு முன்னால் அங்கே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்த அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். கணவரை வெளியே கூப்பிட்டு, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்று சொன்னேன். பழைய படம் ஏன் வரவில்லை, யார் என்ன செய்தது, யார் என்ன செய்யாமல் விட்டது, எல்லாம். கதவு, செஷன் என்று ஆரம்பித்தேன், அவருக்குப் புரியவில்லை. அப்புறம், திரை பொய் சொல்லும்படி நாங்கள் வைத்துவிட்டுப் போனோம் என்றேன். அது புரிந்தது.

திட்டுவார் என்று நான் நின்றிருந்தபோது, அவர் சாதாரணமாகக் கேட்டார்.

"அந்தப் படம் நேரத்துக்குக் கெடச்சிருந்தா, இவ பேசியிருப்பாளா?"

எனக்குத் தெரியாது. சர்ஜனுக்கே தெரியாது, அவரிடமும் கேட்டுவிட்டேன். பேசியிருப்பார் என்றால் அது பாரம், பேசியிருக்க மாட்டார் என்றால் எனக்குத் தப்பிக்க வழி. இரண்டையும் சொல்ல வரவில்லை.

"தெரியலைங்க."

அவர் குழாயை மூடினார். அது சொட்டிக்கொண்டே இருந்தது.

"தெரியலைன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க எல்லாரும் அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னாங்க."

இனிமேல் வர வேண்டாம் என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தால் அவருக்கு அந்த நாள் ஞாபகம் வருமாம். சரி என்று வந்துவிட்டேன்.

இருபத்திரண்டாம் தேதி விசாரணை. நீளமான மேஜை, ஐந்து பேர், ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில். தலைவர் ஒரு வயதான டாக்டரம்மா. உங்கள் கடிதத்தை முழுவதும் சத்தமாகப் படித்தார். மேலாளர் கூரையைப் பார்த்தார். பிறகு டாக்டரம்மா என்னைப் பார்த்து, உனக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்டார். யோசனை என்னுடையது, விசையைத் தட்டியது நான், அட்டை வந்த மெயிலைப் பார்த்தும் சும்மா இருந்தது நான் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அவங்களும் நான்தான்கிறாங்க, நீயும் நான்தான்கிற. நான் யாரைம்மா எழுதறது?" என்றார். இரண்டு பேரையும் எழுதுங்கள் என்றேன்.

பத்தொன்பது நாள் ஒரே அறையில் இருந்தும் ஏன் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை என்றும் கேட்டார்கள். வீட்டு விஷயம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். கோர்ட்டில் நான் சொன்னது முழு உண்மை இல்லை என்றும் சொல்லிவிட்டேன். அதை இவர்கள் எழுதிக்கொள்ளவில்லை, அது இந்த மேஜைக்கு வர வேண்டியது இல்லையாம்.

என் வேலை போய்விட்டது. மேலாளருக்கு, இனி கவனமாக இருக்கவும் என்று ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள். திரையில் இப்போது பாதைகளோடு கதவுகளையும் தனியாக எண்ணிக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. கண்ணாடிக்காரர்தான் அதைச் செய்கிறார், நாலு நாளாகத் தூங்கவில்லையாம். உங்கள் இப்போதைய வேலையிடத்துக்கும் ஒரு நகல் அனுப்பியிருப்பதாகக் கேள்வி. அதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

வீட்டில் அண்ணனிடம் சொன்னேன். எழுந்து போய்ப் படுத்தான். மறுநாள் காலையில் எனக்கும் சேர்த்துக் காபி போட்டு வைத்திருந்தான். அவ்வளவுதான் அவன்.

இன்னொன்று. முந்தாநாள் விவாகரத்துத் தீர்ப்பின் நகல் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். அதை மேஜைமேல் வைத்துக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். அண்ணிக்கு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், பிறகுதான் உறைத்தது. இனிமேல் உங்களை நான் என்னவென்று கூப்பிடுவது? பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வராது. மேடம் என்றால் நீங்களே சிரிப்பீர்கள். நீங்களே சொல்லிவிடுங்கள், அதன்படி எழுதுகிறேன். எழுத வேண்டாம் என்றாலும் சரி.

பாப்பா


மே 5

பாப்பாவுக்கு,

நகல் இங்கேயும் வந்தது. அதிகாரி கூப்பிட்டார். கமிட்டிக்கு எழுதியதை அப்படியே அவரிடமும் சொன்னேன். ஸ்டோரேஜ் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லி, புகார்களைக் கேட்டு எழுதிக்கொள்ளும் மேஜைக்கு மாற்றியிருக்கிறார்கள். நாள் முழுக்கப் போன் அடிக்கிறது. ஏதோ ஒரு மனிதக் குரல் கேட்கிறதே என்று இருக்கிறேன்.

உன்னை ஒன்றும் பேசாதே என்றேன். பேசிவிட்டாய். படித்தபோது முதலில் எரிச்சல்தான் வந்தது. நான் ஒருத்தி தூக்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்ததில் பாதியைப் பிடுங்கிக்கொண்டாய். அன்றைக்கு ரொம்ப நாளுக்குப் பிறகு சமைத்துச் சாப்பிட்டேன்.

அந்த வார்டுக்கு நானும் ஒருநாள் போக வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவர் வர வேண்டாம் என்று சொன்ன பிறகு அது சரியில்லை. போகாமல் இருப்பதைத்தான் அவருக்காக நாம் செய்ய முடியும் போலிருக்கிறது. அதோடு இருக்கப் பழகிக்கொள்ள வேண்டும், இரண்டு பேரும்.

வேறு வேலை தேடும்போது நடந்ததை மறைக்காதே. கேட்டால் சொல். அதனால் கிடைக்காமல் போகும் இடங்கள் இருக்கும், போகட்டும். நேரில் பேச வேண்டும் என்று தோன்றினால் சனிக்கிழமை வண்டியைப் பிடித்து வா. வரும்போது எதுவும் வாங்கி வராதே, வைக்க இடம் கிடையாது. ஒரே ஒரு தலையணைதான் இருக்கிறது, இன்னொன்று நான் வாங்கி வைக்கிறேன். பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றினாலும் வா.

நீ கேட்டதற்கு. தீர்ப்பை எடுத்து ஒரு வரி விடாமல் படித்தேன், பதினோரு பக்கம். உன் அண்ணன் பெயர் இருக்கிறது, என் பெயர் இருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இனி ஒன்றும் இல்லை என்று போட்டிருக்கிறது. உன்னைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

அண்ணி